அவளே செய்துகொள்வாள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஐந்தாம் பாரத்துப் பையன்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. கணக்கு வாத்தியார்கள் எல்லாருக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்ன ஒரு வார்த்தையால்தான் என் மகளோடு எனக்கு ஒரு வருஷம் கிடைத்தது. அதனால் என் கோபத்தை நான் முழுக்கக் குறை சொல்வதில்லை.

என் மனைவி விஷக் காய்ச்சலில் போனபோது எங்கள் ஒரே மகளுக்கு ஐந்து வயது. அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க வேண்டும். மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எனக்குத் தாய் தகப்பன் இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த என் மதினி, அதாவது என் மனைவியின் அக்கா, குழந்தையின் உடுப்புகளை ஒரு துணிப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதினியின் கணவர் அங்கே கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியார். இரண்டு பையன்களும் வளர்ந்து பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இரண்டு மாடும் ஒரு கன்றும்தான். பெண் குழந்தை இல்லையே என்று மதினிக்கு ரொம்ப நாள் ஏக்கம். குரல் பெரிது, மனசும் பெரிது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"பொம்பளப் பிள்ள மாப்ள," என்றார் மதினி. "குளிப்பாட்ட, தலை சீவ, சோறு ஊட்ட ஒரு ஆளு வேணாமா? நீங்க பள்ளிக்கூடம் போயிட்டா இதுக்கு யாரு செய்யிறது?"

"அவளே செஞ்சுக்குவா," என்றேன்.

அதற்கு முன்னால் அப்படி ஒரு நினைப்பே எனக்கு வந்ததில்லை. கோபத்தில் வந்த சொல்தான். ஆனால் வாத்தியார் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கக் கூடாது என்று பிடிவாதம். அடுத்த கிறிஸ்மஸுக்கு வந்து பாருங்கள் என்றேன். அதற்குள் குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, தலை பின்னுவது எல்லாம் அவளே செய்வாள், புத்தகமும் வாசிப்பாள், ஒன்று குறைந்தாலும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்படி அவள் செய்துவிட்டால் தான் வாயே திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பையில் அடுக்கியதையெல்லாம் திரும்ப எடுத்துப் பெட்டியில் வைத்தார். குழந்தை இதையெல்லாம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பகலில் அவளைப் பக்கத்து வீட்டில் விட ஏற்பாடு செய்தேன். அது ஒரு முஸ்லிம் குடும்பம். குடும்பத் தலைவர் புது மண்டபத்துப் பக்கம் வளையல் கடை வைத்திருந்தார். அவர் மனைவி என் முன்னால் வர மாட்டார். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து பேசுவார். நான் பார்த்ததெல்லாம் திரைக்குக் கீழே தெரிந்த அவருடைய பாதங்களை மட்டும்தான். ஆனால் அந்த வருஷம் எனக்கு உதவியாக இருந்தவர் என்றால் அவர்தான். என் மகள் அவரை மாமி என்பாள். அவர் என்னை வாத்தியாரண்ணே என்பார்.

வாசிப்பில் எனக்குக் கவலையே இருக்கவில்லை. ஏனென்றால் அவள் ஏற்கெனவே வாசிப்பாள் என்று நினைத்திருந்தேன். என் மனைவி இருந்தபோதே வேதப் புத்தகத்தைத் திறந்து, வரியின் மேல் விரலை ஓட்டி, ஒரு சங்கீதம் முழுவதையும் திக்காமல் சொல்வாள். கோயிலில் பாதிரி ஐயர் முன்னால்கூட அப்படி வாசித்துக் காட்டி மிட்டாய் வாங்கியிருக்கிறாள். ஒரு நாள் கூர்ந்து பார்த்தேன். விரல் வரியைக் கடந்தது, பக்கத்தின் ஓரத்தைக் கடந்தது, மேசை மேல் போனது, வசனம் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வேறு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதே சங்கீதம். புத்தகத்தைத் தலைகீழாக வைத்தேன். அதே சங்கீதம், அதே பக்தி. ஓய்வுநாள் பள்ளியில் காதால் கேட்டு மனப்பாடம் செய்ததுதான் எல்லாம். மிஷன் வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் இப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது.

ஆகவே வேதப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அலமாரியில் வரிசையாகத் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் காகிதம் வெட்டி ஒட்டிப் பெரிய எழுத்தில் எழுதினேன். உப்பு, புளி, சீனி, கடுகு, பருப்பு, மல்லி. தினமும் சாயங்காலம், வெளிச்சம் போவதற்குள், ஒவ்வொரு டப்பாவாகக் காட்டிக் கேட்பேன். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்ததால் எங்கள் பள்ளிக்கூடம் சூரியனை நம்பித்தான் நடந்தது. ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குச் சந்தேகம். மூடி வைத்த டப்பாவை அவள் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவதைப் பார்த்தேன். எழுத்தைப் படிக்கவில்லை, மோந்து பார்த்துச் சொல்கிறாள். சீனிக்கும் உப்புக்கும் வாசனை இல்லையே, அதை எப்படிச் சொன்னாள் என்றால், அவை இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். உப்பு எப்போதும் ஓரத்தில், சீனி அதற்கு அடுத்து.

அன்றைக்கு அவள் மாமி வீட்டில் இருந்தபோது எல்லா டப்பாக்களையும் இடம் மாற்றி வைத்தேன். இனி எப்படிச் சொல்கிறாள் பார்ப்போம் என்று எனக்குள் ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் காப்பி போட்டேன். அவள் பல் தேய்த்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். நான் பழக்க தோஷத்தில் கையை நீட்டி, இரண்டாவது டப்பாவைத் திறந்து, கரண்டியில் அள்ளிக் காப்பியில் போட்டேன்.

"அதுல உப்புன்னு எழுதியிருக்கேப்பா," என்றாள்.

நான் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவள் மோந்து பார்க்கவில்லை. இடமும் மாறியிருந்தது. எழுத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். காப்பிப் பொடியும் பாலும் வீணாகப் போனதற்கு வேறு நாளாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அன்றைக்கு அந்த உப்புக் காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அவள் என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் காலையில் காப்பிக் கரண்டியைக் கையில் எடுத்தால் எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும் என்றிருக்கிறது.

அதற்குப் பிறகு எழுத்து அவளைத் தொற்றிக்கொண்டது. கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிப் படித்தாள். தீப்பெட்டி, சோப்பு உறை, மாமி வீட்டுக்கு வரும் வளையல் பெட்டி. கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு கடைப் பலகைக்கும் நின்றுவிடுவாள். பாத்திரக் கடைப் பலகையை அவள் படித்து முடிப்பதற்குள் கடைக்காரர் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து விலையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மற்ற வேலைகளையும் நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலவே சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொன்றையும் சின்னச் சின்னப் படியாக உடைத்து, ஒரு படி வந்த பிறகுதான் அடுத்தது. பெரிய செம்பை அவளால் தூக்க முடியாது என்பதால் ஒரு தகரக் குவளை வாங்கினேன். பின்பக்கம் பொத்தான் வைத்த கவுன்களையெல்லாம் தையல்காரரிடம் கொடுத்து முன்பக்கம் மாற்றச் சொன்னேன். அவர் அது ஆம்பளைச் சட்டை மாதிரி ஆகிவிடுமே சார் என்று மூக்கால் அழுதார். ஆகட்டும் என்றேன். சோறு சிந்தாமல் சாப்பிடுவது, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது, படுக்கையைச் சுருட்டுவது, ஈரத்துணியை உதறிக் காயப்போடுவது எல்லாம் ஆடி மாதத்துக்குள் வந்துவிட்டது. அவள் கேட்டால்கூட நான் ஊட்டிவிட மாட்டேன். ஒரு தடவை ஊட்டினால் பாடம் கெட்டுப்போகும் என்று கண்டிப்பாக இருந்தேன். அவளும் கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமைகளில் இன்னொரு பாடம். கடைவீதியிலிருந்து வீட்டுக்கு அவள்தான் வழி காட்ட வேண்டும். அவள் முன்னால், நான் சற்றுத் தள்ளிப் பின்னால். கையைப் பிடிக்க மாட்டேன், வாயும் திறக்க மாட்டேன். கூட்டத்துக்கு நடுவில் அந்தச் சின்னத் தலை மறைந்து மறைந்து தெரியும். மறைந்தால் நான் நடையை எட்டிப் போடுவேன். ஒரு நாள் மாசி வீதி முக்கில் பருத்தி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று குறுக்கே திரும்பியது. அவள் கடைப் படியில் ஏறி நின்றுகொண்டு, வண்டி போகும்வரை பார்த்து, இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், நான் பின்னால் வருகிறேனா என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"வந்தாலும் வராட்டியும் நான் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள்.

சரியான பதில். மார்க்குப் போட்டால் முழு மார்க்குப் போட வேண்டும். ஆனால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தலை பின்னுவதுதான் இருந்ததிலேயே கஷ்டம், ஏனென்றால் அது எனக்கே தெரியாது. மூன்று நிறத் துணியைக் கிழித்து ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தேன். அதில் வந்தது. முடியில் வரவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு மாமியிடம் கேட்டேன். அவர் திரைக்கு அந்தப் பக்கம் தன் மகளை உட்காரவைத்துப் பின்னுவார். குரல் மட்டும் இந்தப் பக்கம் வரும். நான் இந்தப் பக்கம் என் மகளை உட்காரவைத்து அந்தக் குரலுக்குத் தகுந்தாற்போல் பின்னுவேன். வலப்பக்கத்துப் பிரியை நடுவுக்குக் கொண்டாங்க அண்ணே, இப்ப இடப்பக்கத்தது, இறுக்காதீங்க, பிள்ளைக்கு வலிக்கும் என்று சொல்லிக்கொண்டே வருவார். முடிந்ததும் என் மகள் திரைக்குள்ளே போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். உள்ளே குபீரென்று சிரிப்புக் கேட்கும். வளையல் கடைக்காரர் சாயங்காலம் என்னைப் பார்த்தால், இன்னைக்கு என்ன வாத்தியாரே, சடையா, கயிறா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்.

எனக்கு வந்த பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒற்றைச் சடை என்றால் கை பின்னால் எட்டாது. ஆகவே இரட்டைச் சடை. இரண்டையும் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்துப் பின்னலாம். கை வலிக்கிறது என்று அழுவாள். ஒரு சடை முடிந்து அடுத்ததற்குப் போவதற்குள் முதல் சடை அவிழ்ந்துவிடும். கார்த்திகை மாதம் ஒரு காலையில் இரண்டும் அவிழாமல் நின்றது. ஒன்று தடி, ஒன்று ஒல்லி. ஆனால் நின்றது. நான் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

மாமி அவளுக்கு ஒரு துணிப் பொம்மை செய்து கொடுத்திருந்தார். மூக்கே இல்லாத பொம்மை. அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் விளையாடுவதை நான் பேப்பர் திருத்திக்கொண்டே கேட்பேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இரு, நான் குளிப்பாட்டுறேன், நான் சீவி விடுறேன், ஆ காட்டு என்று அதனிடம் பேசிக்கொண்டே இருப்பாள். படித்த பாடத்தை எப்படித் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறாள் பாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர்களும் தலையாட்டினார்கள்.

கிறிஸ்மஸுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மதினி வந்தார். நிலக்கடலை ஒரு மூட்டை, முருங்கைக்காய் ஒரு கட்டு, ஒரு சின்னச் சட்டியில் நெய். சந்து முனையில் வரும்போதே குரல் வந்துவிட்டது. குழந்தையைப் பார்த்ததும் வாரி அணைத்துக்கொண்டார். எங்கள் பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மறுநாள் காலைக்காகத்தான் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

காலையில் அவள் எழுந்து படுக்கையைச் சுருட்டினாள். பல் தேய்த்தாள். தகரக் குவளையால் மொண்டு மொண்டு குளித்தாள். கவுனைப் போட்டுப் பொத்தான்களை மாட்டினாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு சடையையும் பின்னி ரிப்பனைக் கட்டினாள். இட்லியைத் தின்று தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். மதினி ஓர் உதவிக்கும் கை நீட்டாமல், முந்தானையை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்து, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். யாருக்கும் மனப்பாடம் இருக்க வழியில்லாத பக்கம், வெறும் ஊர்ப் பெயர்களாக வந்தது. அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அந்த வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் படித்தாள். விரல் எழுத்தை விட்டு நகரவில்லை.

மதினி அழுதுவிட்டார். "என் தங்கச்சி இதப் பாக்கக் குடுத்து வைக்கலையே," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தான் தோற்றுவிட்டதாகவும், இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்றும், நாளைக் காலை பஸ்ஸுக்கே கிளம்புவதாகவும் சொன்னார். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்திருக்க மாட்டேன். மதினியை நல்லபடியாகச் சாப்பிடவைத்து அனுப்ப வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கறி வாங்கப் போனேன். போகிற வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று நின்று பேசினேன்.

திரும்பி வந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. மதினி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் என் மகள். காலையில் பின்னிய சடைகள் இரண்டும் அவிழ்ந்து முடி தோளெல்லாம் கிடந்தது. மதினி அதை மெதுவாகச் சீவிக்கொண்டே உசிலம்பட்டி வீட்டுக் கன்றுக்குட்டி பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சீப்பு இழுக்கும் பக்கமெல்லாம் குழந்தையின் தலை போனது, வந்தது. கை இரண்டும் மடியில் உள்ளங்கை மேலாகத் திறந்து கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் மூடியிருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

மதினி என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். வாக்குத் தவறிவிட்டவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அவளே அவுத்துட்டு வந்து சீப்பக் கையில குடுத்தா மாப்ள. ஒனக்குத்தான் பின்னத் தெரியுமே தாயின்னு கேட்டேன். முதுகக் காட்டி உக்காந்துட்டா."

நான் கறிப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். அந்த வருஷம் முழுக்க அவள் கைகள் அப்படிச் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை. என்னோடு இருக்கும்போது அவள் எப்போதும் எதையாவது செய்துகொண்டிருந்தாள், அல்லது அடுத்து என்ன செய்யச் சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் நான் செய்தது தப்பு என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். அவளை என்னோடு வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆனால் அந்தத் தூங்குகிற முகத்தைப் பார்த்த பிறகு அவளை வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

சாப்பாடு முடிந்ததும், கூட்டிக்கொண்டு போங்கள் மதினி என்றேன். அவர் முடியாது என்றார். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், நான் சொன்ன சொல் மாற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று போன வருஷம் கத்திய அதே வீட்டில், கூட்டிக்கொண்டு போயே ஆக வேண்டும் என்று கத்தினேன். பக்கத்து வீட்டுத் திரைக்குப் பின்னால் மாமிக்குக் கேட்டிருக்கும். மகளிடம் கேட்டேன், பெரியம்மாவோடு போகிறாயா என்று. நீங்க எப்ப வருவீங்க என்று கேட்டாள். சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பொம்மையை எடுக்கப் போனாள்.

சொன்னபடி சனிக்கிழமைகளில் போனேன். அவள் அங்கேதான் வளர்ந்தாள், அங்கேதான் படித்தாள். கன்றுக்குட்டியோடு திரிந்து கறுத்துப்போனாள், கன்னத்தில் சதை வைத்தாள், சண்டை போட்டாள், பெரியம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கிளம்பும்போது டாட்டா காட்டுவாள். நான் மதுரைக்கு வந்து கதவைத் திறந்தால் அலமாரியில் டப்பாக்கள் இருக்கும். அந்தக் காகிதங்களை நான் கிழிக்கவில்லை. எழுத்து மங்கிப்போன பிறகும் அப்படியே விட்டுவைத்தேன்.

இன்றைக்கு அவளும் ஒரு மகளுக்குத் தாய். வாடிப்பட்டியில் டீச்சராக இருக்கிறாள். போன லீவுக்குப் பேத்தியோடு வந்திருந்தாள். வாசல் வெயிலில் பேத்தியை முன்னால் உட்காரவைத்துச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை போகிற வரிசை, இறுக்காமல் பின்னுகிற பக்குவம் எல்லாம் அப்படியே மாமி திரைக்குப் பின்னாலிருந்து சொன்னது.

"இந்தச் சடை எனக்குப் பெரியம்மா சொல்லிக்குடுத்ததுப்பா," என்றாள். "வாசிக்கக்கூட அவங்கதான் சொல்லிக்குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி மதுரையில நாம இருந்தது எனக்குச் சுத்தமா ஞாபகமே இல்ல."

ஆறு வயதுக்கு முன்னால் நடந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும். மதினியும் இப்போது இல்லை, யாரிடம் சாட்சி கேட்பது. ஆமாம்மா, பெரியம்மா நல்லாப் பின்னுவாங்க என்றேன். என் வாழ்க்கையில் நான் முழுசாக வாழ்ந்தது அந்த ஒரு வருஷம்தான். அது இப்போது என் ஒருவனிடம் மட்டும்தான் இருக்கிறது. அவளுக்கு அது ஏன் ஞாபகமில்லை என்பதும் எனக்குத் தெரியும் என்று சில சமயம் தோன்றும். அவர்கள் கிளம்பிய அந்தக் காலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் பெட்ரோல் கிடையாது என்பதால் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பின்னால் ஓர் அடுப்புப் பீப்பாய் கட்டியிருக்கும். கரியைக் கொட்டி, காற்றாடியைச் சுற்றிச் சுற்றி, புகை வந்த பிறகுதான் பஸ் நகரும். காளவாசலில் உசிலம்பட்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. செங்கல் சூளைப் புகையும் பஸ் புகையும் சேர்ந்து கண்ணைக் கரித்தது. கிளீனர் சுற்றிக்கொண்டே இருந்தான், பஸ் கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை. மதினி வழிக்குக் கட்டிய புளிச்சோற்றைப் புளியமர நிழலில் வைத்துவிட்டு, டிரைவரிடம் எப்போது கிளம்பும் என்று சத்தம் போடப் போயிருந்தார். நானும் அவளும் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அப்பா, அங்க போயி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லலாமா?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. என்னிடம் அனுமதி கேட்கிறாள். நான் வேண்டாம் என்று சொன்னால் அங்கேயும் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வாள் என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சொல்லு தாயி," என்றேன். "ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லு."

பொட்டலத்தைப் பிரித்தேன். அவளை மடியில் உட்காரவைத்து, ஒரு வாய்ச் சோற்றை எடுத்து நீட்டினேன். அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். ஊட்ட ஊட்ட வாங்கிக்கொண்டாள். ஒரு பருக்கை சிந்தியது, அதை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. பஸ் திடீரென்று உறுமிக் குலுங்கியது. மதினி ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அடுத்த வாய்ச் சோறு என் கையிலேயே இருந்தது.